சதுர அடியில் புகழ்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாட்டை நெருங்கும்போது வயலை மறைத்துக்கொண்டு முகங்கள் வர ஆரம்பிக்கும். காது குத்தப்போகும் இரண்டு வயதுக் குழந்தை கிரீடம் வைத்துச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும். மஞ்சள் நீராட்டு விழாப் பெண்ணுக்குப் பின்னால் அருவி கொட்டும். கபடிக் குழு, கட்சிப் பொறுப்பாளர், குடமுழுக்குக்கு வரவேற்கும் ஊர் நாட்டாமைகள், கண்ணீர் அஞ்சலிக்குரிய பெரியவர் என்று வரிசை நீளும். ஒவ்வொன்றின் அடியிலும் தபால் தலை அளவில் முப்பது நாற்பது முகங்கள். சிங்கப்பூரிலிருந்து படம் அனுப்பிய மாமன் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்.

இதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை. ‘ஃபிளக்ஸ் தொல்லை’ என்பார்கள், தொல்லைதான். ஆனாலும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு நியூயார்க்கில் பாப் கலை என்ற பெயரில் எழுந்த அத்தனை கேள்விகளும் இந்தச் சாலையோரத்தில் நிற்கின்றன. கடைச்சரக்குக்கும் படத்துக்கும் என்ன உறவு? ஒரு முகம் ஆயிரம் தடவை அச்சானால் அதற்கு என்ன நேர்கிறது? புகழை யார் தயாரிக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு மேலைநாட்டார் சொன்ன விடையும் நம் படங்கள் தரும் விடையும் வேறு வேறு. நம் விடை இன்னும் ஆழமானது என்பது என் கட்சி. அதை நாம் கவனிக்காமலே அழியவிட்டோம் என்பது என் வருத்தம்.

முதலில் அவர்கள் கதை. 1956-இல் லண்டன் வைட்சேப்பல் கேலரியில் நடந்த கண்காட்சிக்காக ரிச்சர்ட் ஹாமில்டன் ஓர் ஒட்டுப்படம் செய்தார். அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து வெட்டியெடுத்த தொலைக்காட்சி, டின் இறைச்சி, தூசி உறிஞ்சும் எந்திரம், பயில்வான் எல்லாவற்றையும் ஒரே வரவேற்பறைக்குள் வைத்தார். போர்க்காலப் பஞ்சத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கச் சரக்கு கனவாக இருந்தது. 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் ஆண்டி வார்ஹால் கேம்ப்பெல் சூப் டப்பாக்களை 32 படங்களாக வரைந்து, மளிகைக்கடைத் தட்டில் அடுக்குவதைப் போல வரிசையாக வைத்தார். பக்கத்து கேலரிக்காரர் நிஜ டப்பாக்களை ஜன்னலில் அடுக்கி, இங்கே விலை மலிவு என்று கேலி செய்தார். அடுத்த மாதம் மர்லின் மன்றோ இறந்தார். ‘நயாகரா’ படத்தின் விளம்பர ஸ்டில் ஒன்றை எடுத்துப் பட்டுத்திரை அச்சில் அந்த முகத்தை மறுபடி மறுபடி பதித்தார் வார்ஹால். அவற்றில் ஒன்றுக்குப் பின்புலம் முழுக்கத் தங்க நிறம். கீழைத் திருச்சபையின் புனிதர் படங்களுக்கு வைப்பது போன்ற தங்கம். அந்தத் திருச்சபை வழியில் வளர்ந்தவர்தான் அவர்.

பாப் கலைஞர்கள் பலர் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. வார்ஹால் செருப்பு விளம்பரங்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் டைம்ஸ் சதுக்கத்தில் சாரம் கட்டி ஏறி ராட்சத விளம்பரப் பலகை வரைந்தவர். தெருவில் கற்ற கைத்தொழிலை அவர்கள் கேலரிக்குக் கொண்டுபோனார்கள். கேலரி அதற்கு விலை வைத்தது. 1964-இல் வரைந்த ஒரு மர்லின் 2022-இல் 19 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சரக்கைப் பார்த்துச் செய்த படம் கடைசியில் எல்லாச் சரக்கையும்விட விலை கூடிய சரக்காயிற்று. மேலைநாட்டு விமர்சகர்கள் இன்றுவரை பிரிந்து நிற்பது இந்த இடத்தில்தான். வார்ஹால் நுகர்வுப் பண்பாட்டைத் தோலுரித்தார் என்பது ஒரு சாரார் வாதம். அதற்குத் தூபம் போட்டார் என்பது மறு சாரார் வாதம். எனக்கு இரண்டாவதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் படுகிறது. விலகி நின்று பார்க்க அவர் முயன்றதாகத் தெரியவில்லை.

நம் ஊரில் படம் தெருவை விட்டு எங்கும் போகவில்லை. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுதோறும் அனுப்பினார். அதற்கு முன்பே தஞ்சை மராட்டியர் காலத்து ராஜு குடும்பங்கள் பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டி வெண்ணெய்க் கண்ணனையும் பட்டாபிஷேக ராமரையும் ஒரே அச்சில் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே உருவம், ஒரே தங்கம், ஓயாத மறுபதிப்பு. மர்லினுக்கு வார்ஹால் தங்கம் பூசியதை நம் பூஜையறையில் வளர்ந்த யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

ரவிவர்மாவுக்குப் பிறகு தமிழ்நாட்டின் கண்ணைப் பழக்கியவர் கொண்டைய ராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தபடி கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் கஜலட்சுமியும் மீனாட்சி திருக்கல்யாணமும் பக்கத்துச் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகிப் பரவின. அந்தக் காலண்டரை யாரும் கடையில் விலைக்கு வாங்கவில்லை. உரக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் தைப்பிறப்பை ஒட்டி வாடிக்கையாளர் கையில் கொடுத்தார்கள். மேலே சாமி, கீழே கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும். ‘காட்ஸ் இன் தி பஜார்’ (2007) என்ற நூலில் கஜ்ரி ஜெயின் இந்த இடத்தை நன்றாகப் பிடிக்கிறார். வணிகரின் நம்பிக்கையும் நாணயமும் சாமி படத்தோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்தன. அதை ஏமாற்று விளம்பரம் என்று ஒதுக்கினால் பஜார் எப்படி இயங்குகிறது என்பதே புரியாது. என் அனுபவமும் அதுதான். டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் வருஷம் முடிந்த பிறகும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுச் சாமி படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். உரக்கடையின் பெயரும் சட்டத்துக்குள் சேர்ந்து விளக்கு வாங்கிக்கொள்ளும்.

வார்ஹாலின் பாதைக்கு எதிர்த்திசையில் நடந்த ஒரு தஞ்சாவூர்க்காரரையும் சொல்ல வேண்டும். 1924-இல் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு, ஆனந்த விகடனில் கோட்டோவியத்தால் லட்சக்கணக்கானோர் வீட்டுக்குப் போனவர். பிறகு விளம்பரத் துறைக்குப் போனார். விளம்பரத்திலிருந்து கலைக்கு ஏறினார், கலையிலிருந்து விளம்பரத்துக்கு இறங்கினார் என்ற ஏணிக் கணக்கு நம் ஓவியர்களிடம் செல்லாது. இரண்டையும் அதே கைதான் செய்தது.

இனி கட்-அவுட். வார்ஹால் பிறந்த 1928-இல்தான் சிவாஜி கணேசனும் பிறந்தார். பிறந்தது விழுப்புரத்தில் என்றாலும் சூரக்கோட்டை அவர் குடும்பத்து ஊர்; ஒரத்தநாட்டுச் சாலையில் தஞ்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1957-இல் ‘வணங்காமுடி’ வெளியானபோது சென்னை சித்ரா தியேட்டரில் மோகன் ஆர்ட்ஸ் அவருக்கு 80 அடி உயரக் கட்-அவுட் நிறுத்தியது. நியூயார்க்கில் வார்ஹாலின் மர்லின் கேன்வாஸுக்கு வர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. நட்சத்திரத்தின் முகத்தை மனித அளவிலிருந்து பிடுங்கிக் கோபுர அளவுக்குக் கொண்டுபோகும் யோசனையை நாம் யாரிடமும் கடன் வாங்கவில்லை. உயரத்தில் நிற்கும் உருவத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்கள் அதற்கு முன்பே தயாராக இருந்தன.

அந்தக் கைவேலையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அதை மறக்க முடியாது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி வெள்ளை அடித்துக் காயவிடுவார்கள். கம்பெனி கொடுத்த ஸ்டில் மேல் பென்சிலால் கட்டம் விழும். துணி மேல் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். உதவியாளர் பின்புலத்தையும் உடையையும் முடிப்பார், இன்னொருவர் எழுத்தைப் பார்த்துக்கொள்வார். முகம் மட்டும் ஆசானுடையது. கன்னத்தில் ரோஸும் ஆரஞ்சும், மூக்கின் நிழலில் பச்சை, தாடையின் கீழ் நீலம் என்று அகலத் தூரிகையால் அடித்துக்கொண்டே போவார். ஒரு கை தூரத்தில் நின்றால் வெறும் திட்டுகள்தான் தெரியும். சாலையைக் கடந்து திரும்பிப் பார்த்தால் ‘பராசக்தி’க்காரர் நம்மை முறைத்துக்கொண்டிருப்பார். படம் தியேட்டரை விட்டுப் போனதும் அதே துணிக்கு மறுபடி வெள்ளை. அடுத்த படத்தின் முகம் பழைய முகத்தின் மேலேயே ஏறும். அதனால்தான் இன்று காட்டுவதற்கு அவற்றில் அநேகமாக எதுவும் இல்லை. ப்ரெமிந்தா ஜேக்கப் ‘செல்லுலாய்ட் டெய்ட்டீஸ்’ (2009) நூலில் இந்தப் பட்டறைகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கோவை ஓவியர் ஜீவா உள்ளிருந்தே எழுதியிருக்கிறார். இவை போன்ற சில பதிவுகள் இல்லாவிட்டால் ஒரு முழு மரபும் வாய்வார்த்தையாகவே போயிருக்கும்.

படம் இங்கே என்ன செய்தது என்பதற்கு மிகப் பெரிய சான்று எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12-இல் அவர் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுப்போட்டு மருத்துவமனையில் இருக்கும் படம் சுவரொட்டியாகி ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதிக்குப் போகாமலேயே அவர் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் வார்ஹாலும் சுடப்பட்டுப் பிழைத்தார். அவருடைய வயிற்றுத் தழும்புகளைப் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடான் படம் எடுத்தார்; அது கலைப் புகைப்படமாக நிலைத்தது. எம்.ஜி.ஆரும் வார்ஹாலும் 1987-இல் இறந்தார்கள். அங்கே காயம் பார்வைப் பொருளாயிற்று. இங்கே காயம்பட்டவரைத் தன் வீட்டு ஆளாக எடுத்துக்கொண்டு அதற்கு வாக்குச்சீட்டில் பதில் சொன்னார்கள். படத்தின் மேல் காட்டும் அன்பு இங்கே ஒரு பொறுப்பாக மாறியது.

இந்த அன்பு ஏழைகளை ஏமாற்றியதா என்று கேட்டவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். ‘தி இமேஜ் ட்ராப்’ (1992) நூலில் அவர் வாதிட்டது இதுதான்: திரையில் விவசாயியாகவும் ரிக்‌ஷாக்காரராகவும் வந்தவரின் படிமத்தில் மக்கள் சிக்கிக்கொண்டார்கள், அவருடைய ஆட்சியின் பொருளாதாரம் அந்த மக்களுக்கு உதவவில்லை. கசப்பான, மதிக்கத்தக்க வாதம். ஆனால் படிமம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்பதற்கு இந்தக் காவிரிக்கரையே சாட்சி. 1989 தேர்தலில் சிவாஜி கணேசன் தன் புதுக் கட்சியோடு திருவையாற்றில் நின்றார். சொந்தச் சீமை, 80 அடி உயரம் பார்த்த முகம், தோற்றுப் போனார். அவரை நடிகர் திலகம் என்று உயிரை விட்ட ஊர்கள் வாக்கை வேறு பெட்டியில் போட்டன. ரசிப்பது வேறு, ஒப்படைப்பது வேறு என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். பாண்டியனின் கோட்பாட்டில் இந்த மக்களுக்குப் போதிய இடம் இல்லை.

1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. மணிமண்டபமும் தொல்காப்பியர் சதுக்கமும் அதன் நினைவாக நிற்கின்றன. அந்த நாட்களில் நகரில் எழுந்த கட்-அவுட்டுகளையும் வளைவுகளையும் பார்த்தவர்கள் இன்றும் பேசுவார்கள். கையால் வரைந்த அரசியல் முகத்தின் உச்சம் அந்தக் காலம்தான். பத்தாண்டுக்குள் டிஜிட்டல் அச்சு வந்து எல்லாம் முடிந்தது.

கேலரிப் பக்கமும் ஒரு வார்த்தை. பரோடாவில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்த பூபேன் கக்கர் (1934-2003) 1960-களில் காலண்டர் சாமிகளை வெட்டி ஒட்டிப் படம் செய்தார். இந்தியாவின் முதல் பாப் ஓவியர் என்று அவரைச் சொல்கிறார்கள். பெங்களூரின் புஷ்பமாலா 2000-க்குப் பிறகு ரவிவர்மாவின் லட்சுமியாகவும் திரையின் ஜெயலலிதாவாகவும் தானே வேடமிட்டுப் புகைப்படத் தொடர் செய்தார். இருவரும் முக்கியமானவர்கள். ஆனால் தெருப்படத்தை மேற்கோளாக எடுத்தாண்டவர்களுக்கு லண்டனில் கண்காட்சி நடக்கிறது. தெருப்படத்தை வரைந்தவரின் பெயர் அவருடைய சொந்த ஊரிலேயே தெரியவில்லை. இந்த அநியாயத்தைக் கலை வரலாறு எழுதுகிறவர்கள் சாதாரணமாகக் கடந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஃபிளக்ஸ் வந்ததும் மூன்று மாற்றங்கள் ஒன்றாக நடந்தன. ஓவியர் போனார், கணினி வடிவமைப்பாளர் வந்தார். படத்தின் விலை சதுர அடிக்கு இவ்வளவு என்று ஆனது. மூன்றாவதுதான் பெரியது: நட்சத்திரத்துக்கும் தலைவருக்கும் மட்டும் இருந்த இடம் எல்லாருக்கும் திறந்தது. ஒரத்தநாட்டுக் காதணி விழாவில் குழந்தை அரசனாக உட்காருவது இதனால்தான். எல்லாரும் கால் மணி நேரமாவது புகழ் பெறும் காலம் வரும் என்று வார்ஹால் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னதுதானா என்பதே சந்தேகம். இங்கே அது மூன்று நாள், பத்துக்கு எட்டு அளவில்.

இந்த முகங்களின் இலக்கணத்தைப் புரிந்துகொள்ள மொய்யைத் தெரிந்திருக்க வேண்டும். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து களைகட்டும். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறி விருந்து வைப்பார்கள். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். நோட்டில் பதிந்த தொகையைத் தங்கள் முறை வரும்போது திருப்பிச் செய்வார்கள். ஃபிளக்ஸின் அடியிலிருக்கும் சின்ன முகங்களும் அப்படித்தான். உன் பிள்ளை காதணிக்கு என் படம், என் தம்பி கல்யாணத்துக்கு உன் படம். யார் படத்தை விட்டார்கள், யாரை யாருக்கு அடுத்துப் போட்டார்கள் என்பதில் உறவே முறியும். நட்சத்திரத்தின் படத்துக்குக் கீழே தன் படத்தைப் போடும் ரசிகர் மன்றத்து இளைஞரும் இதே கணக்கில் வருகிறார். புதுச்சேரிப் பக்கத்து ரசிகர்களோடு பழகி ரூஸ் ஹெரிட்சன் எழுதிய நூல் (2019) இதையே காட்டுகிறது: ரசிகர் நடிகரைக் கொண்டாடும்போது தன் தெருவில் தனக்கு ஒரு மதிப்பைக் கட்டிக்கொள்கிறார். அமெரிக்கப் பாப் கலையில் புகழ் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும். பார்க்கிறவர் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். காவிரிப் படுகையில் புகழ் கைமாறுகிறது, திரும்பி வருகிறது, பாக்கி நிற்கிறது. இந்த உறவைத்தான் ஆழமான விடை என்று முதலில் சொன்னேன்.

அதற்காக எல்லாவற்றையும் மெச்ச முடியாது. பெயரைப் பொது இடத்தில் எழுதிவைப்பது இந்த மண்ணில் பழைய வழக்கம். 1010-இல் குடமுழுக்கு கண்ட பெரிய கோயிலின் கல்வெட்டில் ராஜராஜனும் அக்கன் குந்தவையும் மட்டும் இல்லை. கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயரும் ஊரும் உண்டு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற பங்கும் உண்டு. ஒரத்தநாட்டிலேயே இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாகக் கட்டிய சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்து அந்தப் பெயர் நிலைத்தது. அங்கெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொடையோ பணியோ எழுதப்பட்டிருக்கிறது. ஃபிளக்ஸில் முகம் மட்டும் இருக்கிறது. வாழ்த்தப்படுபவர் என்ன செய்தார் என்று அதில் தேடினால் கிடைக்காது.

புகழுக்கு உயிரே விலையாகப் போனதும் உண்டு. 1992 பிப்ரவரி 18-இல் கும்பகோணம் மகாமகத்துக்கு முதலமைச்சர் ஜெயலலிதா நீராட வந்த நாளில் நெரிசலில் சிக்கிச் சுமார் 50 பேர் இறந்தார்கள். 2017 அக்டோபரில் உயிரோடிருப்பவர்களின் படங்களை பேனர்களில் வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; சாலைகளில் அது நிலைக்கவில்லை. 2019 செப்டம்பர் 12-இல் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியில்லாத கல்யாண பேனர் ஒன்று சரிந்து 23 வயது மென்பொறியாளர் மேல் விழ, தடுமாறியவர் மேல் லாரி ஏறியது. அதன்பின் கட்சித் தலைவர்களும் நடிகர்களும் பேனர் வேண்டாம் என்று அறிக்கை விட்டார்கள். கொஞ்ச நாள் சாலை வெளிச்சமாக இருந்தது.

விழா முடிந்த ஃபிளக்ஸ் எங்கே போகிறது என்று பார்க்க, அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். திடீர் மழைக்கு நெல் குவியலை மூடியிருப்பதில் பாதி ஃபிளக்ஸ்தான். தலைவரின் கை ஒரு குவியல் மேல் ஆசி வழங்கும். மணப்பெண்ணின் முகத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஓரத்தில் செங்கல் பாரம். கஜா புயல் 2018 நவம்பரில் தென்னையையும் ஓட்டையும் வாரிக்கொண்டு போனபோது எத்தனையோ வீடுகளுக்கு இதே ஃபிளக்ஸ்தான் கூரை. அந்த மட்டில் அது உழைக்கிறது. பிறகு கிழிந்து வாய்க்காலில் போய் அடைகிறது. வெள்ளை அடித்து மறுபடி வரைய அது துணி இல்லை, மக்காத பிளாஸ்டிக்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். காலண்டர், கட்-அவுட், சுவர் விளம்பரம் மூன்றும் தமிழ்நாட்டின் பாப் கலை. யாருடைய நகலும் இல்லை. ஃபிளக்ஸ் அதன் வாரிசுதான், ஆனால் கைத்திறனைத் தொலைத்துவிட்ட வாரிசு. அதன் சமூக உறவை ஆராய வேண்டும், அதன் இடத்தைச் சட்டப்படி சுருக்க வேண்டும். முன்னோரைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது. டெல்டாவின் ஊர்களில் ‘ஆர்ட்ஸ்’ என்று பெயர் வைத்துப் பட்டறை நடத்திய ஓவியர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் கட்டம் போட்ட ஸ்டில்களும் பட்டறைப் புகைப்படங்களும் இருக்கும். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் மாணவர்களை அனுப்பி அவற்றைச் சேகரிக்கட்டும். அவர்களுடைய பேச்சைப் பதிவு செய்யட்டும். உங்கள் ஊர்ச் சுவரில் கையால் எழுதிய பழைய உர விளம்பரமோ சிமெண்ட் விளம்பரமோ மிச்சம் இருந்தால், சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். கீழ் மூலையில் ஓவியர் பெயர் இருக்கும். அதையும் சேர்த்து எடுங்கள்.